வாப்பாவின் பிளக்கில் இரண்டாவது பெட்டி

கோயிலில் முதல் நன்மை வாங்கப்போகும் பிள்ளை ஒன்றின் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்த பிரான்சிஸ்கா, கேற்றடியில் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டுத் தையல் மெசினிலிருந்து காலை எடுத்தாள். கறுப்பு அபாயாவும் ஹெல்மெற்றுமாக ஒரு பெண் இறங்கினாள். ஹெல்மெற் கழன்றதும் தெரிந்த முகத்தைப் பார்த்தவுடனேயே, இது தைக்க வந்த முகமில்லை என்று பிரான்சிஸ்காவுக்கு விளங்கிவிட்டது.

வங்காலையில் அவர்களுடைய வீட்டுக்கு இரண்டு வகையான ஆட்கள்தான் வருவார்கள். துணியோடு வருபவர்கள் அவளிடம் வருவார்கள். வெறுங்கையோடு, முகத்தில் மட்டும் ஏதோ ஒரு குழப்பத்தோடு வருபவர்கள் அவளுடைய கணவர் பஸ்ரியனிடம். முப்பத்தொரு வருடம் தொலைபேசி வயர்களில் பழுது தேடி ஓய்வுபெற்றவர் அவர். ஆனால் ஊர் அவரை ஓய்வாக இருக்க விடவில்லை.

"பஸ்ரியன் அங்கிள் நிக்கிறாரோ? நான் எருக்கலம்பிட்டியில இருந்து வாறன். பேர் முஸ்பிரா."

"நிக்கிறார் பிள்ளை. உள்ளுக்கு வந்து இருங்கோ. வெயில்ல முகமெல்லாம் சிவந்து போச்சு."

முஸ்பிரா கதிரையில் இருந்தாளே தவிர, தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கைபேசியில் இரண்டு படங்களை எடுத்துப் பஸ்ரியனுக்கு முன்னால் வைத்தாள். முதலாவதில் ஒரு சுவர்ச் சுவிச்சு, அதற்குக் குறுக்கே ஒட்டிய ரேப், ரேப்பின் மேல் நீலப் பேனையால் ஒரு கையெழுத்து. இரண்டாவதும் அதே சுவிச்சு, அதே ரேப், அதே கையெழுத்து.

"முதல் படம் நேற்றுக் காலமை எடுத்தது. மற்றது நேற்று மத்தியானம். ரேப் கிழியேல்லை. சுவிச்சு அசையேல்லை. ஆனா பெட்டி நிண்டுட்டுது அங்கிள். பத்து நாளில இது ஒன்பதாவது தரம்."

பஸ்ரியன் பத்திரிகையை மடித்து வைத்தார். "என்ன பெட்டி?"

அவள் சொன்னாள். வீட்டில் அவளுடைய வேலை அறையில் ஒரு சேர்வர் இருந்தது. பார்வைக்கு ஒரே பெட்டி. ஆனால் அதற்குள் ஆறு கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோலப் பிரித்து, மருந்துக் கடைகளுக்கும் வகுப்புகளுக்கும் வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு நண்டுக் கம்பனி வந்திருக்கிறது. ஓலைத்தொடுவாய், வங்காலை, இலுப்பைக்கடவை என்று கரையோரம் முழுக்க அவர்களுக்குக் குளிர் அறைகள். எந்த அறையிலாவது சூடு ஏறினால் உடனே ஆட்களை எழுப்பும் வேலையை முஸ்பிராவிடம் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் ஒற்றைப் பெட்டியை நம்பமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு பெட்டி நிண்டா எல்லாம் நிக்கும்தானே. அதால அதே மாதிரி ரெண்டாவது பெட்டி வாங்கி, உம்மாட அறையில வச்சுச் சோடி சேர்த்தன். ஒண்டு விழுந்தா மற்றது தூக்கும் எண்டு."

"தூக்கேல்லையோ?"

"அதுதான் அங்கிள் வெக்கம். ரெண்டாவது நிண்டவுடன முதலாவதும் தானா நிண்டு, பிறகு முதல்ல இருந்து எழும்புது. ரெண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கு. மற்றதின்ர சத்தம் கேக்காட்டி, இது தன்னட்ட ரெண்டில ஒரு வாக்குத்தான் இருக்கெண்டு பாக்கும். அது பெரும்பான்மை இல்லை. செத்தது மற்றதோ, இல்லாட்டித் தான்தான் தனிச்சுப் போயிட்டுதோ எண்டு அதுக்குத் தெரியாது. ரெண்டும் வேற வேறயா எழுதினா பதிவெல்லாம் குழம்பிப்போகும் எண்டு விலகிக்கொள்ளும்."

"எங்கட சங்கக் கூட்டம் மாதிரி," என்றார் பஸ்ரியன். "ரெண்டு பேர் வந்து, ஒராள் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனா, மற்றாள் தனிய இருந்து தீர்மானம் எழுதேலாது."

"அச்சொட்டா அதுதான் அங்கிள். மூண்டாவது வாக்குக்கு ஒரு சின்னப் பெட்டி கொழும்பில சொல்லியிருக்கு. இன்னும் வரேல்லை. நாளைக்குக் காலமை எட்டு மணியில இருந்து கம்பனி அஞ்சு நாள் சோதிக்குது. ஒருக்கா அறுந்தாலும் வேலை வேற ஆக்களுக்குப் போயிடும். பிறகு நான் இங்க இருந்து சமாளிக்கேலாது. கொழும்பில ஒரு வேலைக்குக் கடிதம் வந்து கிடக்கு. வாற முதலாம் திகதி சேரோணும்."

"சேந்தா என்ன பிள்ளை? நல்ல வேலைதானே?" என்று கேட்டாள் பிரான்சிஸ்கா.

முஸ்பிரா கைபேசியைத் திருப்பி வைத்தாள். "வாப்பா மௌத்தாகி நாற்பத்தேழு நாள் அன்ரி. உம்மா இத்தாவில இருக்கிறா. நாலு மாசமும் பத்து நாளும் அந்த வீட்டை விட்டு வெளியில வரேலாது. வெளி ஆம்பிளையள் பாக்கவும் கூடாது. நான் போனா உம்மா அந்த வீட்டில தனிய."

"யார்ல சந்தேகம்?" என்று பஸ்ரியன் மெதுவாகக் கேட்டார்.

"ஸப்ராஸ் நானா. என்ர மூத்த சகோதரம். அடுத்த ஒழுங்கையில இருக்கிறார். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு மதினி சமைச்ச சாப்பாட்டைக் கொண்டு பின்பக்கத்தால வருவார். ரெண்டாவது பெட்டிக்குக் கரண்ட் குடுக்கிற இன்வேட்டரும் பின்பக்க நடையிலதான் இருக்கு. ஒரு மணிக்குள்ள பெட்டி நிண்டிரும். நான் கொழும்புக்குப் போகோணும் எண்டுதான் அவருக்கு விருப்பம்."

"அவரைக் கேட்டீங்களோ?"

"கேட்டா அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கேலாதே அங்கிள்."

பஸ்ரியன் எழுந்து மேற்சட்டையைப் போடப் போனார். பிரான்சிஸ்கா முதல் நன்மைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே செருப்பை மாட்டினாள்.

*

தீவுக்குப் போகும் பாலத்தில் காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. பிரான்சிஸ்கா கணவரின் காதுக்குள் கத்தினாள். "தமையன்தான்! பின்பக்கத்தால வாறவன் ஏன் பின்பக்கத்தால வாறான்?"

"சாப்பாட்டுக் கரியரைக் குசினிக்குக் கொண்டுபோகிறவன் முன்பக்கத்தால வரோணுமோ?"

"நீங்கள் எப்பவும் ஆம்பிளையளின்ர பக்கம்."

"நீ எப்பவும் வழக்கைத் தொடங்க முதலே தூக்குப் போடுவாய்."

தீவுக்குள் நுழைந்ததும் தெரு நடுவில் நின்ற நான்கு கழுதைகள் வழிவிட மனமில்லாமல் நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி.

கேற்றுக்கு மேலே கட்டைவிரல் அளவு கறுப்புக் கண்ணாடியும் அதற்குப் பக்கத்தில் நீல வெளிச்சமுமாக ஒரு கமரா அவர்களைப் பார்த்தது. பிரான்சிஸ்கா தன்னை அறியாமலே காற்றில் விலகியிருந்த சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள்.

"என்ன, படம் எடுக்கப் போறாங்களோ?" என்று பஸ்ரியன் சிரித்தார்.

"நானா பொருத்தினது," என்றாள் முஸ்பிரா. "வாப்பா போனபிறகு பொம்பிளையள் தனிய எண்டு. ஆர் வந்தாலும் அவரிட போனில தெரியும்."

முதலாவது பெட்டி முஸ்பிராவின் வேலை அறையில், மேசைக்குக் கீழே மூலைக்குள் இருந்தது. மஸ்கற் இனிப்புப் பெட்டி அளவுதான். பஸ்ரியன் முழங்காலில் இருந்து பார்த்தார். மேல் மூடி முழுவதும் சீப்புப் பல் போல நீளத் துளைகள். துளைகளுக்குள் சாம்பல் நிறத் தூசியும் பஞ்சும் அடைந்திருந்தன. மூடியின் மேல் விரலை வைத்து எடுத்தால் மணல் ஒட்டியது. முன்பக்கத்தில் ஒரு நீல வெளிச்சம், பக்கத்தில் சின்னக் கறுப்புக் கண்ணாடி.

"இது என்ன?"

"ரிமோட்டுக்கு வச்ச கண்ணாடி அங்கிள். ரெண்டும் முந்தி ஏதோ ஒபிஸில பெரிய திரையளுக்குப் பின்னால இருந்த பெட்டியள். எங்களுக்கு அதில வேலையில்லை."

"ரெண்டாவதை ஏன் உம்மாட அறையில வச்சனீங்கள்?"

"கரண்ட் போனாலும் நிக்காத லைன் அந்த அறைக்கு மட்டும்தான் இருக்கு. வாப்பாட ஒட்சிசன் மெசினுக்காகப் போட்டது. அந்தப் பிளக்தான் இப்ப சும்மா கிடந்தது."

உள்ளே போக பஸ்ரியனுக்கு வழியில்லை. கூடத்துக் கதிரையில் இருந்தபடி மனைவியைக் கூப்பிட்டார். "பிரான்சி, போய் எல்லாத்தையும் பார். என்ன அர்த்தமெண்டு யோசியாத. பார்த்ததை மட்டும் கொண்டுவா."

"யோசிக்கிறது உங்கட தனிச் சொத்து பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனாள்.

ஹவ்வா உம்மா ஐம்பத்தைந்து வயது இருக்கும் மெலிந்த பெண். வெள்ளை உடுப்பு, தலையை இறுக்கிய வெள்ளை முக்காடு. பிரான்சிஸ்காவைக் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தி, பேரீச்சம்பழத் தட்டை மடியில் வைத்தார். வங்காலைக் கோயில் திருநாள் எப்போது, மழை பெய்ததா, பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் குரல் சற்று இறங்கியது.

"மகள் கேட்டவ, சுவிச்சில கை வச்சீங்களோ எண்டு. வல்லாஹி, அந்தச் சுவிச்சை நான் தொடமாட்டன் தங்கச்சி. அவருக்கு மூச்சுக் குடுத்த சுவிச்சு அது."

"மேல சுத்துற இந்தக் காத்தாடியும் அதே லைனோ?"

"ஓம். அது ஒரு நாளும் நிண்டதில்லை. நிண்டா எனக்கு மத்தியானத்தில கண் மூடேலாது."

பிரான்சிஸ்கா கண்களைச் சுழல விட்டாள். கட்டிலுக்கு நேர் எதிரே சின்ன மேசை. அதன்மேல் பெட்டி, நீல வெளிச்சத்தோடு. மேசை விளிம்பில் மெல்லிய மணல் படிந்திருந்தது. யன்னல் கட்டையிலும் அதே மணல். பெட்டியின் மேல் மட்டும் துடைத்துவிட்டதுபோலச் சுத்தம். மேசைக்கு மேலே ஆணியில் தடித்த வெள்ளைத் தொழுகைச் சால்வை ஒன்று தொங்கியது. தையற்காரியின் கை சும்மா இருக்குமா, அதைப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கோடுகள், வரிசையாக.

"நல்ல துணி. இதில என்ன கறை அக்கா?"

"கழுவோணும்," என்று ஹவ்வா உம்மா அதை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

*

கூடத்துக்கு வந்து பிரான்சிஸ்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். பேரீச்சம்பழம் நல்ல பழம் என்பதையும் சேர்த்தாள். "என்ர யோசினையையும் சொல்லட்டோ?"

"அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லு." அவர் முஸ்பிராவின் பக்கம் திரும்பினார். "பெட்டி நிண்டவுடன போய்ப் போடுவீங்களோ?"

"இல்லை அங்கிள். உம்மா அந்த நேரம் குளிச்சு, லுஹர் தொழுது, கொஞ்சம் படுத்து எழும்பும் வரைக்கும் கதவு பூட்டித்தான் கிடக்கும். திறந்த பிறகுதான் போவன். அரை மணித்தியாலம் பிந்தும்."

"போய்த் தொட்டா எப்படி இருக்கும்?"

"சுடும். எங்கட வெயிலுக்குச் சுவரே சுடுதுதானே."

"இரவில நிக்கிறதில்லையோ?"

"ஒரு நாளும் இல்லை. இரவில நான் உம்மாவோடதான் படுக்கிறது." அவள் பெருமூச்சு விட்டாள். "அவவுக்கும் இப்ப சுகமில்லை. தலைவலியாம், இரவிலயும் முக்காட்டைக் கழட்டாமத்தான் படுக்கிறா. எங்களுக்குள்ள என்ன முக்காடு எண்டு கேட்டாலும் கழட்டமாட்டா."

"பத்து நாளில ஒரு நாள் மட்டும் நிக்கேல்லை. அது எந்த நாள்?"

"வாப்பாட நாற்பதாம் கத்தம். அண்டைக்கு வீடு நிறையப் பொம்பிளையள். உம்மாட அறையிலயும் பின்னேரம் வரைக்கும் ஆக்கள். நானாவும் விடியத் தொடக்கம் இங்கதான் நிண்டவர்."

பஸ்ரியன் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் கேட்டது பிரான்சிஸ்காவுக்கே விசித்திரமாக இருந்தது. "பிள்ளை, உங்களிட்டத் தடிச்ச சால்வை ஒண்டு இருக்கோ? நாலா மடிச்சு உங்கட அறையில இருக்கிற பெட்டிக்கு மேல போட்டு விடுங்கோ. இண்டைக்கு நிண்டாக் காரியமில்லைத்தானே?"

"சோதினை நாளைக்குத்தான். ஆனா ஏன்?"

"போடுங்கோவன்."

முஸ்பிரா போட்டாள். மடிக்கணினியைக் கூடத்து மேசையில் திறந்து, பெட்டியின் சூடு காட்டும் எண்ணை அவருக்குக் காட்டினாள். அறுபத்திரண்டு. அந்த நேரம் குசினிப் பக்கம் கதவு திறந்தது. கையில் சாப்பாட்டுக் கரியரோடு ஸப்ராஸ் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது, களைத்த முகம். செருப்பில் ஈரச் சேறு. பிரான்சிஸ்கா கணவரின் விலாவில் இடித்தாள். "சேறு!" என்று அவள் வாய் மட்டும் அசைந்தது.

"குசினி வாசல்ல தண்ணிக் குழாய் ஒழுகுது," என்றார் பஸ்ரியன் அவளைப் பார்க்காமலே. "வாங்கோ தம்பி, இருங்கோ. உங்கட தங்கச்சியின்ர பெட்டியைப் பாக்க வந்தனாங்கள். ஹவ்வா உம்மாவும் திரைக்கு அங்கால இருந்து கேட்டா நல்லம்."

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திரையில் எண் எழுபத்தொன்று.

"முதல்ல ஸப்ராஸ் தம்பியின்ர கதையை முடிப்பம்," என்று தொடங்கினார் பஸ்ரியன்.

"என்ர கதையோ?" ஸப்ராஸ் தங்கையைப் பார்த்தான். முஸ்பிரா மேசையைப் பார்த்தாள். அவனுக்கு விளங்கிவிட்டது. "என்னையோ முஸ்பி? கொழும்புக்குப் போ எண்டு சொன்னனான்தான். உன்ர முகத்துக்கு நேரா சொன்னனான். பின்னால வந்து வயர் புடுங்கிறவனோ நான்?"

"இல்லை எண்டுதான் சொல்ல வாறன்," என்றார் பஸ்ரியன். "பின்பக்கத்தில ஆரும் கரண்டை நிப்பாட்டியிருந்தா அதே லைன்ல ஓடுற காத்தாடியும் நிண்டிருக்கோணும். அது ஒரு நாளும் நிக்கேல்லை. அதோட, நீங்கள் விடியத் தொடக்கம் இந்த வீட்டில நிண்ட ஒரே நாளிலதான் பெட்டி நிக்காம ஓடினது. உங்களுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

முஸ்பிரா நிமிரவே இல்லை. "நானா..." என்றாள்.

"பிறகு கதை," என்றான் ஸப்ராஸ். ஆனால் கரியரை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

எண்பத்து மூன்று.

"ஆரும் பெட்டியை நிப்பாட்டினா அது ஆறிப்போகும். அரை மணித்தியாலம் கழிச்சுத் தொட்டாலும் சுட்டதெண்டா, அது நிக்க முதலே கடும் சூடு. நிப்பாட்டி நிண்ட பெட்டி இல்லை அது. சூடு தாங்கேலாமத் தானா நிண்ட பெட்டி. அதாலதான் ரேப்பும் கிழியேல்லை, சுவிச்சும் அசையேல்லை."

"சூட்டை நான் பாத்திருக்கோணும் அங்கிள்," என்றாள் முஸ்பிரா. "திரையிலயே இருக்கு. மனுசரைச் சந்தேகப்படத் தொடங்கினதோட மெசினைப் பாக்க மறந்துட்டன்."

"உங்கட அறைப் பெட்டிக்கு மேல மணல். துளையெல்லாம் பஞ்சு. அதே வீட்டில, அதே காத்தில, மற்றப் பெட்டிக்கு மேல ஒரு துரும்பில்லை. ஏதோ ஒண்டு ஒவ்வொரு நாளும் அதை மூடியிருக்கு, பிறகு தூசியையும் துடைச்சுக்கொண்டு எடுபட்டிருக்கு. பெட்டிக்குள்ள ஒரு விசிறி இருக்குதானே, அது மேலால காத்தை இழுக்கும். துணி மூடியிருந்தா தூசி துணியில நிக்கும். துளை எப்படியோ, கோடும் அப்படி."

பிரான்சிஸ்காவின் கை வாய்க்குப் போனது. சீப்புப் பல் போல வரிசையாக நின்ற அந்தச் சாம்பல் கோடுகள். கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, கறை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். பஸ்ரியன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபடி, யாருடைய பெயரையும் சொல்லாமல் பேசினார்.

"ஆர் மூடினது எண்டது பெரிய காரியமில்லை. ஏன் மூடினது எண்டதுதான். இண்டைக்குக் காலமை கேற்றடியில என்ர மனிசி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினவ. ஏன் பிரான்சி?"

"அது... கமரா பாக்குதெண்டு," என்றாள் அவள்.

"கறுப்புக் கண்ணாடி, நீல வெளிச்சம். அதில விழுற படம் ஆம்பிளையளின்ர போனுக்குப் போகுதெண்டு இந்த வீட்டில எல்லாருக்கும் தெரியும். அதே கண்ணாடியும் அதே வெளிச்சமும் ஒரு நாள் கட்டிலுக்கு நேரா வந்து இருந்தா, இத்தாவில இருக்கிற ஒராள் என்ன செய்வா? குளிச்சிட்டு வந்து உடுப்பு மாத்தி, தலை காயவிட்டுப் படுக்கிற நேரம் அதுக்கு மேல ஒரு துணி போடுவா. அறைக்குள்ள வேற ஆக்கள் நிண்டா போடமாட்டா. மகள் பக்கத்தில படுக்கிற இரவில போட்டா மகள் பாத்திருவா. அதுக்காகத் தலைவலி எண்டு சொல்லி விடியும் வரைக்கும் முக்காட்டோட படுப்பா."

திரையில் எண் ஏறியது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது. வேலை அறைக்குள் பெட்டியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. பிறகு அந்த இரைச்சல் அறுந்து நின்றது. மடிக்கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகளும் சிவப்பாயின.

அந்த அமைதிக்குள், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மாவின் குரல் வந்தது.

"அப்ப அது கமரா இல்லையோ?"

"உம்மா!" முஸ்பிரா எழுந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "இல்லை உம்மா. அது வெறும் கண்ணாடி. ஏன் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா எடுத்திருவாய். நான் சாப்பிடுறேல்லை, தனிய இருந்து அழுறன் எண்டு நீ ஏசினாய். அடுத்த கிழமை அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து வச்சாய். வேலை செய்யேக்க உம்மாவையும் ஒரு கண் பாக்கத்தான் வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன். பிள்ளை பயந்துபோய் வச்சதை எடு எண்டு எப்படிச் சொல்லுறது? சுவிச்சை நிப்பாட்டவும் மனம் வரேல்லை. அந்த ஒரு மணித்தியாலம்தான் துணியைப் போட்டன். எழும்பினவுடன எடுத்திருவன், நீ பாக்கோணும் எண்டு." குரல் உடைந்தது. "அதாலதானோ உன்ர வேலை கெட்டது? அதாலதானோ நீ கொழும்புக்குப் போகப் பாத்தாய்?"

"நான் எங்கயும் போகேல்லை உம்மா."

பிரான்சிஸ்கா மூக்கை உறிஞ்சினாள். ஸப்ராஸ் கரியரை ஒருவழியாக மேசையில் வைத்தான். பஸ்ரியனைக் கேட்டான். "ஐயா, அந்த மூண்டாவது வாக்கு எண்டு ஒரு பெட்டி சொன்னவள். அதை எங்க வைக்கலாம்?"

"இந்த வீட்டுக்கு வெளியில வச்சா நல்லம். ஒரு வீட்டில கரண்ட் போனாலும் மற்ற வீட்டில இருக்கும்."

"அப்ப என்ர வீட்டில வைக்கட்டும்." திரைச்சீலையைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "உன்ர நானா வயர் புடுங்கமாட்டான் எண்டு நம்பிக்கை இருந்தா!"

உள்ளேயிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. "நானா, அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"நீ வாயால சொன்னாத்தானே திருப்பி எடுக்க. நீ சொல்லவே இல்லை. சாப்பாடு ஆறுது, வா."

புறப்படுவதற்கு முன்பு பஸ்ரியன் இரண்டாவது பெட்டியை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். ஹவ்வா உம்மா திரைக்குப் பின்னாலிருந்தே மறுத்துவிட்டார். "அங்கயே இருக்கட்டும். அந்தப் பிளக் வெறுமையாக் கிடந்தா எனக்குப் பாக்கேலாது." கடைசியில் முஸ்பிரா சுவிச்சிலிருந்த ரேப்பை உரித்து எறிந்தாள். புதிதாக ஒரு துண்டு கறுப்பு ரேப் வெட்டிக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினாள். பிரான்சிஸ்காவின் கைப்பையிலிருந்த வெள்ளைத் தையல் சோக்கால் ஹவ்வா உம்மா அதன்மேல் தன் கையெழுத்தை வைத்தார்.

*

ஆறாம் நாள் காலை எட்டரைக்கு வங்காலையில் தொலைபேசி அடித்தபோது பஸ்ரியன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பிரான்சிஸ்கா பாய்ந்து எடுத்தாள்.

"அன்ரி, அஞ்சு நாளும் முடிஞ்சுது! ஒரு நிமிசமும் அறுபடேல்லை. கம்பனி ஓம் எண்டுட்டுது. சின்னப் பெட்டியும் முந்தநாள் வந்திட்டுது. மூண்டாவது வாக்கு இப்ப நானா வீட்டு அலுமாரிக்கு மேல. மணித்தியாலத்துக்கு ஒருக்கா தொட்டுப் பாத்து, சுடேல்லை எண்டு எனக்கு மெசேஜ் போடுறார். சொல்லியும் நிப்பாட்டுறாரில்லை."

"உம்மா எப்படிப் பிள்ளை?"

"தலையை விரிச்சுப்போட்டுப் படுக்கிறா அன்ரி. குறட்டை வேற. நான்தான் இப்ப நித்திரையில்லாமக் கிடக்கிறன்."

"அந்தக் கொழும்புக் கடிதம்?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "நேற்றுத் தேடினனான், காணேல்லை. பிறகு பாத்தா, உம்மா அதை எட்டா மடிச்சுப் பெட்டிக்குக் கீழ ஒரு மூலைக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கிறா. அடிப்பக்கத்தாலயும் அதுக்குக் காத்துப் போகட்டுமாம்."